படிக்க உட்கார்ந்தால் கோழிக் கூடு திருத்தத் தோன்றுகிறதா? பரீட்சைக் காலக் கோளாறுகளும் திருத்தும் வழியும்

ஸ்டடி லீவுக்கு வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் செய்த வேலை, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருந்த கோழிக் கூட்டைத் திருத்தியது. யாரும் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கூடு இரண்டு வருடமாகச் சாய்ந்தபடிதான் கிடந்தது. அன்றைக்கு மட்டும் அது கண்ணில் பட்டதற்குக் காரணம், உள்ளே மேசையில் புள்ளிவிபரவியல் கொப்பி திறந்து கிடந்தது. கூடு இன்னும் நேராக நிற்கிறது. புள்ளிவிபரவியலை ரிப்பீட் எழுதித்தான் பாஸ் பண்ணினேன்.

அப்புறம் சில வருடங்களாக, எனக்குப் பின்னால் கம்பஸ் போன தம்பி தங்கச்சிமார் பரீட்சை நெருங்கும்போது போன் எடுக்கிறார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையில் தொடங்குவார்கள்: "அண்ணே, சோம்பலா இருக்கு." கொஞ்சம் கிண்டிக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோளாறு. ஒருவருக்கு ஆங்கிலம், ஒருவருக்குப் போன், ஒருவருக்கு வீட்டில் உட்கார இடமே கிடையாது. மூன்று பேருக்கும் "டைம் டேபிள் போட்டுப் படி" என்று ஒரே மருந்தைக் கொடுத்தால் யாருக்குக் குணமாகும்? அதனால் அறிகுறியைப் பார்த்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் வாசிக்க வேண்டாம். உங்களுடையது எதுவோ அங்கே போங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால்: பத்து நிமிடச் சோதனை

இருக்கிற பாடங்களில் எதை நினைத்தால் வயிறு பிசைகிறதோ அதை எடுங்கள். அதன் பாஸ்ட் பேப்பரில் ஒரு கேள்வி. ஒரு வெற்றுத்தாள், ஒரு பேனா, பத்து நிமிடம். என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

பேப்பரைத் தேடுவதற்குள்ளேயே வேறு வேலை ஞாபகம் வந்து எழுந்துவிட்டால், அடுத்த பகுதி உங்களுக்கு. கேள்வியே விளங்கவில்லை என்றால் ஆங்கிலத்தைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். கேள்வி விளங்கியது, பதில் மட்டும் இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை என்றால் உங்கள் படிக்கும் முறையில்தான் பிழை. நன்றாகத்தான் எழுதினீர்கள், ஆனால் நாலாவது நிமிடத்தில் கை தானாகப் போனுக்குப் போனது என்றால், சந்தோஷப்படுங்கள், உங்களுடையது சின்னக் கோளாறு.

அறிகுறி: உட்கார மட்டும் முடியவில்லை, மற்ற எல்லா வேலையும் நடக்கிறது

துணி துவைத்தாயிற்று, அலுமாரி அடுக்கியாயிற்று, மூன்றாவது பிளேன்டீயும் குடித்தாயிற்று. சோம்பேறி என்றால் படுத்திருப்பான். வெயிலில் நின்று கோழிக் கூட்டுக்கு ஆணி அடிக்க மாட்டான். ஃபியூஷியா சிரோய், டிமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாகவே சொல்கிறார்கள்: வேலையைத் தள்ளிப்போடுகிறவர் நேரத்தைக் கையாளத் தெரியாமல் தள்ளிப்போடுவதில்லை. அந்த வேலை கிளப்புகிற பயம், சலிப்பு, குழப்பம் ஏதோ ஒன்றிலிருந்து இப்போதைக்குத் தப்பினால் போதும் என்றுதான் எழுந்து போகிறார். எழுந்து போனதும் மனம் லேசாகிறது. அந்த லேசுதான் கூலி. கூலி கிடைக்கிற வேலையை மனம் மறுபடியும் செய்யும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: எதற்குப் பயப்படுகிறேன்? பாடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், பக்கத்தைச் சொல்லுங்கள். எனக்குப் புள்ளிவிபரவியல் முழுவதும் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தபோது சராசரி, நியம விலகல் எல்லாம் பிரச்சினையே இல்லை. கருதுகோள் சோதனை வந்த இடத்தில் எழுத்தே மாறியிருந்தது. அந்த இரண்டு லெக்சருக்கு நான் போகவில்லை, நண்பனுடைய கொப்பியைப் பார்த்து அவசரமாகப் பிரதி பண்ணியது. நாலே நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்குப் பயந்து எண்பது பக்கத்தைத் தொடாமல் இருந்திருக்கிறேன்.

ரிப்பீட்டுக்குப் படிக்கும்போது ஒரு சீனியர் அக்கா கன்டீன் மேசையில் வைத்து அதைப் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். "உங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தராசு களவுத் தராசுன்னு சந்தேகப்படுறீங்க. சரி. முதல்ல தராசு ஒழுங்காத்தான் இருக்குன்னு வச்சிக்குவோம். அதுதான் சூனியக் கருதுகோள். இப்போ முப்பது பேரோட கூடைய வேற நல்ல தராசுல ஒருக்கா நிறுத்துப் பாருங்க. வித்தியாசம் வரும், கொஞ்சம் முன்னப்பின்ன எப்பவும் வரத்தான் செய்யும். தராசு ஒழுங்கா இருந்தா இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலா வருமா? அபூர்வமாத்தான் வரும்னு கணக்கு சொன்னா, தராசு ஒழுங்குங்கிற பேச்ச விட்டிடலாம்." அவ்வளவுதான். கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) அம்மா வருடக்கணக்காகப் பிடித்த சண்டைக்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பக்கம் பிடிபட்டதும் அடுத்தது தொடங்குவது. "இன்றைக்குப் புள்ளிவிபரவியல் படிக்க வேண்டும்" என்பதில் கை வைக்க இடமே இல்லை. யோசிக்கத் தேவையில்லாத ஒரு வேலையில் தொடங்குங்கள். நான் செய்வது, பாஸ்ட் பேப்பரின் ஒரு கேள்வியை அப்படியே கையால் பிரதி எடுப்பது. அதற்கு மூளை வேண்டாம், பேனா போதும். கேள்வியை எழுதி முடித்த கை பெரும்பாலும் அடுத்த வரியையும் எழுதிப் பார்க்கும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கு மறுபடியும் பிரதி எடுங்கள்.

எப்போது உட்காருவது என்பதையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999இல் சொன்னது இது: "இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்" என்று தீர்மானிக்கிறவர்கள், "செய்ய வேண்டும்" என்று மட்டும் நினைக்கிறவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். தோட்டத்தில் இதற்குக் கடிகாரம்கூடத் தேவையில்லை. "அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு)ப் படியிறங்கியதும், இஸ்தோப்பு (திண்ணை) வாங்கில் உட்கார்ந்து மூன்றாம் கேள்வியைப் பிரதி எடுப்பேன்." இந்த ஒரு வசனத்தைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையும் நல்லதுதான். பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடித்தது. ஆனால் முதல் நாளே 25 வேண்டாம், பத்தே போதும்.

அறிகுறி: "காலை வீணாகிவிட்டது, இனி நாளைக்கு ஒழுங்காகத் தொடங்கலாம்"

கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுவார்கள். அநியாயம் என்று சண்டை பிடிக்கிறோம், சரிதான். ஆனால் படிப்பு விஷயத்தில் நாமே நமக்கு அதைவிட மோசமான கணக்கப்பிள்ளை. காலையில் இரண்டு மணி நேரம் போனால் முழு நாளுக்கும் பேரை வெட்டிவிடுகிறோம். அரைப் பேராவது போடுங்கள். பின்னேரம் நாலு மணிக்கு உட்கார்ந்து ஒரு கேள்வி எழுதினாலும் அது கணக்கில் வர வேண்டும். நான் ஒரு கலண்டரில் முழு நாளுக்கு முழுக் கோடும் அரை நாளுக்கு அரைக் கோடும் கிழித்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது அரைக் கோடுகள்தான் அதிகம். அவைதான் பாஸ் பண்ண வைத்தன.

அறிகுறி: டைம் டேபிள் போட்டே நாள் போகிறது

கலர் பேனாவைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். கணக்குப் போட இரண்டு நிமிடம் போதும். ஐந்து பாடம், பாடத்துக்குப் பன்னிரண்டு தலைப்பு என்றால் 60. இருப்பது 20 நாள் என்றால் நாளுக்கு மூன்று. திருப்பிப் பார்க்க ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. ஆகவே தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கிற மாதிரி கவ்வாத்து வெட்ட வேண்டும். கடந்த ஐந்து வருடப் பேப்பரை விரித்து வைத்து, எந்தத் தலைப்பிலிருந்து எத்தனை தரம் கேள்வி வந்திருக்கிறது என்று கோடு போடுங்கள். ஒரு தரமும் வராததைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தால் மொட்டைக் குச்சிகளாக, பாவமாகத்தான் இருக்கும். பிறகு தளிர் வருவதும் அதிலேதான்.

ஆறு நாளைக்கு ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். காய்ச்சல், கரண்ட், மழை, உறவுக்காரர் வீட்டுச் சடங்கு எல்லாம் அந்த நாளைத் தேடி வரும்.

அறிகுறி: வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது, பேப்பரைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை

மேலே பார்த்த எல்லாவற்றையும்விட இது ஆபத்து. ஏனென்றால் இவர் உண்மையிலேயே படிக்கிறார். ஒரே ஃபோட்டோகொப்பியை ஐந்து தரம் வாசிக்கிறார், மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் பக்கமாகப் பூசுகிறார். (ஒரு தங்கச்சியின் நோட்ஸைப் பார்த்தேன். மஞ்சள் அடிக்காத வரிகள்தான் எடுப்பாகத் தெரிந்தன.) பரீட்சையில் வாங்குவதோ குறைவு. அடுத்த தடவை "இவ்வளவு படித்தும் வரவில்லை, படித்து என்ன பிரயோசனம்" என்று தள்ளிப்போடத் தொடங்குகிறார்.

அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்கு நேரான பதில். மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்து, மீதி மூன்று சுற்றிலும் பந்தியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61. அதோடு, ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முதலிலேயே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னதும் வாசித்த குழுதான்.

திருத்தம் இதுதான். ஒரு தலைப்பை ஒரு தரம் நன்றாக வாசியுங்கள். கொப்பியை மூடுங்கள். வெற்றுத்தாளில் வந்ததை எல்லாம் எழுதுங்கள், ஒழுங்கு தேவையில்லை, தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் பரவாயில்லை. வராமல் விழிக்கும்போது எரிச்சலாக இருக்கும். இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், உடனே கொப்பியைத் திறக்காதீர்கள், வேலை நடப்பதே அந்த இரண்டு நிமிடத்தில்தான். பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதைச் சிவப்பால் எழுதுங்கள். அடுத்த நாள் அந்தச் சிவப்பு மட்டும்தான் உங்கள் பாடம்.

ஒரு தரம் வந்தது என்பதற்காக மூடி வைக்கவும் கூடாது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தன்னையே சோதித்து அளந்து எழுதிவிட்டார். நமக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொழுந்து ரவுண்டு போதும். ஒரு மலையில் கொழுந்து பறித்தால், காலநிலையைப் பொறுத்து ஏழு, பத்து நாளில் அதே மலைக்குத் திரும்பி வருவார்கள். அடுத்த நாளே போனால் பறிக்க ஒன்றும் இருக்காது, மூன்று வாரம் விட்டால் இலை முற்றிவிடும். தலைப்பும் அப்படித்தான்: படித்த மறுநாள் ஒரு தரம், ஒரு வாரத்தில் ஒரு தரம், பரீட்சைக்கு முந்திய நாட்களில் ஒரு தரம். மூன்று தரமும் கொப்பியை மூடிக்கொண்டுதான்.

இந்த இடத்தில் குப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பஸில் பாடம் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குப் பரீட்சைக்கு முன்னால் சொல்லிக்கொடுப்பதற்கு அதுதான் பெயர், மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பார்கள். சிங்கள நண்பர்களும் அதையேதான் சொல்வார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் குப்பியில் அதிகம் படிப்பது யார் என்று பார்த்தால், கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவர். கீழே உட்கார்ந்து தலையாட்டுகிறவருக்கு நடப்பது ஐந்தாவது தரம் வாசித்தவருக்கு நடந்ததுதான். அதனால் ஒரு சின்னத் தலைப்பையாவது "நான் சொல்றேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அறிகுறி: ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணி நேரம்

இதைப் பலர் வெளியில் சொல்வதில்லை. "மூட் இல்லை" என்பார்கள், "அந்தச் சேர் சரியாகப் படிப்பிக்கவில்லை" என்பார்கள். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, பேராதனைப் பல்கலைக்கழகமோ ஊவா வெல்லஸ்ஸவோ வேறெங்கேயோ போய் ஆங்கிலத்தில் எழுதுகிற பாடம் கிடைத்தவருக்கு, ஒவ்வொரு பக்கமும் ஏற்றமாகத்தான் இருக்கும். ஏற்றத்தைக் கண்டால் கால் தயங்கும். அது சோம்பல் என்றால் கூடை சுமக்கிற எல்லாரும் சோம்பேறிகள்தான்.

முதல் வேலை, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்ப எடுப்பது. பொருளியலில் டிமாண்ட் என்பது நீங்கள் உயர்தரத்தில் படித்த கேள்வி, சப்ளை நிரம்பல், எலாஸ்டிசிட்டி நெகிழ்ச்சி. பாடத்துக்கு நாற்பது சொல் போதும். ஒரு தாளை நடுவில் மடித்து ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். பழைய உயர்தரக் கொப்பியை எறியாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தலைப்பைத் தமிழில் விளங்கிக்கொண்டு பிறகு ஆங்கில நோட்ஸுக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது, கேள்வி கேட்கிற சொற்கள். பாடம் தெரிந்தும் இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஃபைன் என்றால் வரைவிலக்கணம் மட்டும், இரண்டு வரி. எக்ஸ்பிளெய்ன் என்றால் ஏன், எப்படி என்று காரணம் சொல்ல வேண்டும். கம்பேர் என்றால் ஒற்றுமையும் வேற்றுமையும், இரண்டு தனித்தனிக் கட்டுரை எழுதினால் புள்ளி கிடைக்காது. டிஸ்கஸ் என்றால் இரண்டு பக்கத்து நியாயமும். எவாலுவேட் என்றால் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் உங்கள் தீர்ப்பு. பத்துப் பன்னிரண்டு சொல்தான், ஒரு பின்னேர வேலை.

மூன்றாவது, ஆங்கிலத்தில் வாசித்தால் மட்டும் ஆங்கிலத்தில் எழுத வராது. ஒரு நாளைக்கு ஒரு பந்தியாவது சொந்தமாக எழுதுங்கள். இலக்கணப் பிழையோடு எழுதிய பந்தியை யாரிடமும் காட்டக்கூடத் தேவையில்லை. சுருக்கமான வசனங்களாக எழுதினால் பிழையும் குறையும், திருத்துகிறவருக்கும் விளங்கும்.

அறிகுறி: போன்

தூக்கி எறியவும் முடியாது, நோட்ஸ் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது. எனவே பிரித்துவிடுங்கள்: பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு டேட்டாவை நிறுத்துங்கள். முடிந்தால் தேவையான பக்கங்களை டவுனில் பிரிண்ட் எடுங்கள். போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினால், எடுப்பதற்குள் யோசிக்க அரை நிமிடம் கிடைக்கும். அந்த அரை நிமிடமே பாதி நேரம் கையைத் திருப்பிவிடும்.

2020, 2021இல் ஒன்லைன் வகுப்புக்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையில் ஏறி உட்கார்ந்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இன்னும் சிக்னல் சரியாக எடுக்காத லயத்தில் இருக்கிறீர்கள் என்றால், இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் அதைச் சாதகமாக்குங்கள். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் அந்தக் கல்லுக்கு ஏறி வாட்ஸ்அப் பார்த்துவிட்டு இறங்கலாம். பேட்ச் குரூப்பில் "மச்சான் இந்தக் கேள்வி கட்டாயம் வருமாம்" என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை வருவதில்லை. அதற்காக அரை மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

அறிகுறி: வீட்டில் உட்காரவே விடுகிறார்கள் இல்லை

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரு மூலையில் டிவி, அடுத்த வீட்டில் இன்னொரு டிவி, நடுவில் ஒரு சுவர் பேருக்கு. அடுப்படியிலிருந்து அம்மா, "தம்பி, அந்தத் தண்ணிக் குடத்த மட்டும் தூக்கி வச்சிட்டுப் போய்ப் படி" என்பார். "மட்டும்" என்ற சொல்லுக்குள் ஒரு நாளைக்கு ஏழெட்டு வேலை அடங்கும். தங்கச்சிமாருக்கு அது இருபது. பையன்களுக்குக் கொப்பியோடு உட்காரக் கிடைக்கிற உரிமை அவர்களுக்குச் சமையல் முடிந்த பிறகுதான் கிடைக்கிறது. அண்ணன்மார் இதை வாசித்தால் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

இதை உங்கள் தள்ளிப்போடும் குணத்தோடு சேர்க்காதீர்கள். இடப்பிரச்சினைக்கு இடம்தான் தேடவேண்டும். கோயில் மண்டபம், முன்பள்ளிக் கட்டடம், பழைய பள்ளிக்கூட வகுப்பறை, எங்கே சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பரீட்சைக்குப் படிக்க என்று கேட்டால் தோட்டத்தில் மறுக்கிறவர்கள் குறைவு. வீட்டில் பொதுவாக "படிக்கணும்" என்று சொல்லாமல், "ஒம்பதிலிருந்து பதினொண்ணு வரை கூப்பிடாதீங்க, பதினொன்றுக்குத் தண்ணி எடுத்துத் தாரேன்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். ஹாஸ்டலில் தங்க விடுவார்கள் என்றால், ஸ்டடி லீவில் கடைசிப் பத்து நாளாவது அங்கேயே இருப்பது நல்லது. பஸ் காசும் மிச்சம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தபோதும் படித்தவர்கள் இருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் எல்லாரும் விடியற்காலையைத்தான் சொல்கிறார்கள்.

அறிகுறி: இரவு இரண்டு வரை விழிப்பு, பகலில் தூக்கம்

இரவு ஒன்பதுக்குக் குடித்த சாயத்தேநீரின் கஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரண்டு மணிக்கும் உடம்பில் இருக்கும். பின்னேரம் நாலுக்குப் பிறகு சுடுதண்ணீரோ கொத்தமல்லியோ குடியுங்கள். தூங்கும்போதுதான் படித்தது படிகிறது, ஆகவே தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டை டின்னில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி.

அறிகுறி: ஏற்கெனவே ஃபெயில், இப்போது கொப்பியைப் பார்க்கவே வெட்கம்

வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நீங்கள் என்றால் இது இரட்டிப்பாக வரும். லயமே வந்து வாழ்த்தியிருக்கும், கோயிலில் மாலை போட்டிருப்பார்கள். அந்த மாலை பரீட்சைக் காலத்தில் கனக்கும். "அம்மா அட்டைக் கடியில் நிற்கிறார், நான் இப்படி இருக்கிறேன்" என்று நினைத்து நினைத்து வேகம் வரவழைக்கப் பார்ப்போம். என் அனுபவத்தில் அது எதிராகத்தான் வேலை செய்தது. அம்மாவை நினைத்தால் குற்ற உணர்ச்சி, அதைத் தாங்க முடியாமல் கொப்பியை மூடுவது, மூடியதற்கு இன்னும் குற்ற உணர்ச்சி. கனடாவில் மைக்கேல் வோல் என்பவரும் கூட ஆய்ந்தவர்களும் 2010இல் கண்டது இதனோடு பொருந்துகிறது: முதல் பரீட்சைக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நான் செய்தது சின்ன வேலை. ஃபெயிலான பேப்பரை வாங்கி, எந்தக் கேள்வியில் புள்ளி போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு கேள்வி. இரண்டும் அந்த நாலு பக்கத்தில் இருந்து வந்தவை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "இதை இப்போ விட்டுட்டு ரிப்பீட்ல பார்த்துக்கலாம்" என்று சுலபமாகச் சொல்லாதீர்கள். பெரும்பாலான பீடங்களில் ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் பதிய மாட்டார்கள்.

அறிகுறி: மூன்றே நாள் இருக்கிறது, ஒன்றும் படிக்கவில்லை

புதிதாக எல்லாவற்றையும் தொடாதீர்கள். முதல் நாள் ஐந்து வருடப் பேப்பரில் அடிக்கடி வந்த ஐந்து தலைப்பை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் விடையின் எலும்புக்கூடு. இரண்டாம் நாள் காலை அந்த ஐந்தையும் மூடிக்கொண்டு எழுதிப் பாருங்கள், பின்னேரம் தெரிந்த ஒருவரிடம் சிவப்பைக் காட்டி விளக்கம் கேளுங்கள். மூன்றாம் நாள் ஒரு முழுப் பேப்பர், நேரம் வைத்து. இரவு பத்துக்குப் படுக்கை. ஏ வராது. பாஸ் வர நல்ல சாத்தியம் இருக்கிறது.

இந்த வழிமுறைக்குள் அடங்காதது

படிப்பில் மட்டும் இல்லாமல் எதிலுமே மனம் ஒட்டவில்லை, சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் குழம்பிக் கிடக்கிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டு இருக்காதீர்கள். கம்பஸில் மாணவர் ஆலோசகர் இருப்பார், பக்கத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் இருப்பார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். பரீட்சையை அடுத்த வருடமும் எழுதலாம்.

கடைசியாக: பரீட்சை அன்று பஸ் இல்லை

இதையும் கோளாறுப் பட்டியலில் சேர்க்கிறேன், ஏனென்றால் எல்லாம் படித்துவிட்டு இதில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குப் போக நல்ல நாளிலேயே இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். மழை நாளில் எங்காவது மண் சரிந்தால் எப்போது போய்ச் சேர்வீர்கள் என்று டிரைவருக்கே தெரியாது. ஒன்பது மணிப் பேப்பருக்கு அதிகாலைப் பஸ்ஸை நம்பாதீர்கள். முதல் நாளே இறங்கி ஒரு நண்பனின் ரூமில் தங்குங்கள். பையில் அட்மிஷன், அடையாள அட்டை, இரண்டு நீலப் பேனா, குடை. அம்மா கட்டித் தருகிற ரொட்டியை மறக்காமல் எடுங்கள், அதில் கட்டச்சம்பல் கசிந்து அட்மிஷனில் படாமல் தனிப் பையில் வையுங்கள். எனக்குப் பட்டது. அறைக் கண்காணிப்பாளர் அதைக் கையில் எடுத்து, மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.